யோருன் கம்பு

யோருனிடம் ஏரிப் புழுவைப் பற்றி வாய் திறந்தால் காப்பி ஆறிப்போகும். கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். ஏரியடிச் சேற்றில் எச்சிலையும் மண்ணையும் குழைத்து ஒரு குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கிறதாம் புழு. வாலை வீட்டுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, எட்டுகிற மட்டும் சுற்றிலும் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னுமாம். முளையில் கட்டிய ஆடு வட்டமாக மேய்கிற கதைதான். ஏரி முழுக்க இப்படி எண்ணி முடியாத வட்டங்கள். வட்டத்தோடு வட்டம் முட்டிக்கொண்டால் தீனி குறையும். பாசி தீர்ந்தால் பக்கத்து வீட்டுப் புழு போட்ட எச்சத்தைத் தின்னும், அதுவும் தீர்ந்தால் தான் போட்டதையே திரும்பத் தின்னும். "வெக்கங்கெட்ட பொழப்பு" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாள் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை அவள் விட்டுப் பல வருடமாகிறது.

எங்கள் ஏரிக்குப் பெயரே கொசு ஏரி, மீவாட்ன். கடிக்காத கொசு. ஆனால் ஜூன் மாதத்தில் கரையில் புகை மாதிரி எழும்பி நிற்கும், மூக்கிலும் காதிலும் புகும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டு ஓடுவார்கள். நாங்கள் முகத்துக்கு வலையைப் போட்டுக்கொண்டு மனம் நிறைய நடப்போம். சேற்றுப் புழுதான் கோடையில் சிறகு முளைத்துக் கொசுவாகிறது. புழுவைத் தின்று மீன் கொழுக்கிறது, கொசுவைத் தின்று வாத்துக் குஞ்சு பிழைக்கிறது, செத்து விழுகிற கொசுவில் கரைப் புல் பச்சை பிடிக்கிறது, அந்தப் புல்லை ஆடு தின்கிறது. ஆட்டையும் மீனையும் வாத்து முட்டையையும் நாங்கள் தின்கிறோம். ஆகவே சேற்றுக்குள் புழுவின் வயிறு நிறைந்திருக்கிறதா என்பது ஐஸ்லாந்தில் வேறு யாருக்கும் வேண்டாத விஷயமாக இருக்கலாம், எங்களுக்கு அது அடுப்பு எரிகிற விஷயம்.

அந்த வயிற்றைத் திறந்து பார்க்கிற வேலை யோருனுக்கு வாய்த்தது. தெற்கே தலைநகரிலிருந்து கோடைதோறும் வருகிற ஆராய்ச்சிக்காரி ஹெர்டிஸ், குளிர்காலத்திலும் ஏரியடியைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றாள். யோருன் வடகரைப் பண்ணைக்காரி. ஒரு குளிர்காலம் முழுக்க மனையியல் பள்ளியில் தையலும் ஊறுகாயும் படித்துவிட்டு, கோல்பெய்னைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெண்களைப் பெற்று, இரண்டையும் நகரத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்து யாரை அதட்டுவது என்று தெரியாமல் இருந்தவள். சமையலறை மேசையின் ஒரு மூலையில் நுண்ணோக்கி ஏறியது. பனிப்பாளத்தில் துளை போட்டு, நீளமான கண்ணாடிக் குழாயைச் சேற்றில் இறக்கி, ஒரு குழாய்ச் சேறு எடுத்து, சல்லடையில் அலசி, புழுவை ஊசியால் கீறி, குடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். நல்ல தீனி என்றால் பாசி அடைந்து கிடக்கும், ஒவ்வொன்றும் உள்ளே பொன்னிறச் சத்து நிறைந்த பொடிக் கண்ணாடிப் பெட்டி மாதிரி. பஞ்சம் என்றால் வெறும் பெட்டி, உள்ளே ஒன்றும் இருக்காது. கோல்பெய்ன் அந்த மேசையில் சோறு சாப்பிட மாட்டேன் என்று முதல் வாரம் முரண்டு பிடித்தான், பிறகு பழகிக்கொண்டான்.

வேலையில் யோருன் சுத்தம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை இருந்ததெல்லாம் வாயில். புழுவின் வயிறு தனக்குத் தெரியும் என்றதும் ஊரில் எல்லார் வயிறும் தனக்குத் தெரியும் என்ற மாதிரி ஒரு மிதப்பு வந்துவிட்டது. "சேறு பொய் சொல்லாது" என்பது அவள் பல்லவி. யாராவது மீனைப் பற்றியோ வாத்தைப் பற்றியோ ஒரு அபிப்பிராயம் சொன்னால் போதும், அதை எடுத்து வீசுவாள்.

சேறு எடுக்கிற இடம் எப்போதும் ஒரே இடமாக இருக்க வேண்டும் என்று ஹெர்டிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அந்த நாளில் வானத்தைக் கேட்டு இடம் சொல்லும் கருவியெல்லாம் கிடையாது. எங்கள் ஏரியில் வலை போடுகிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் யோருனும் செய்தாள். கரையில் இரண்டு ஜோடி அடையாளம். தேவாலயக் கோபுரம் நடுத் தீவின் பிளவுக்குள் வந்து உட்கார வேண்டும், அது ஒரு கோடு. ஆஸ்முந்துருடைய படகுக் கொட்டகையின் சிவப்பு முகப்பு மலை முதுகின் பள்ளத்துக்கு நேர் கீழே வர வேண்டும், அது இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்து வாய்க்கிற இடம் ஏரியில் ஒன்றே ஒன்றுதான். அங்கே துளை போட வேண்டியது.

ஆஸ்முந்துர் அடுத்த பண்ணைக்காரர். மனைவி போன பிறகு தனி ஆள். யோருனைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். எங்கள் பக்கத்தில் வயதைப் பார்த்து மரியாதை போடுகிற வழக்கம் இல்லை. பாதிரியாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், நீ என்றுதான் பேசுவோம். ஆஸ்முந்துர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒரு வசந்தத்தில் பனிப்பாளம் உடைந்து, காற்று அதைக் கரைக்கு நெட்டித் தள்ளி, ஆஸ்முந்துருடைய கொட்டகையை நொறுக்கிப் போட்டது. அஸ்திவாரக் கல் மட்டும் மிச்சம். அந்தக் கோடையில் அவர் பழைய இடம் வேண்டாம் என்று கரை முனைக்கு அந்தப் பக்கம், பாறை மேல் புதிதாகக் கட்டினார். பண்ணைக்காரர்கள் எல்லாரும் போய்க் கை கொடுத்தோம். யோருன் உத்தரத்தின் ஒரு முனையைத் தோளில் தாங்கினாள், அப்பம் சுட்டாள், எல்லாருக்கும் காப்பி ஊற்றினாள். கடைசியில் ஆஸ்முந்துர் பலகைக்குச் சாம்பல் நிறச் சாயம் எடுத்து வந்தபோது கத்தியே விட்டாள்.

"சாம்பலா? செவப்பு அடி! அந்தச் செவப்பு இல்லன்னா ஏரியில எனக்கு வழி தெரியாது."

"செவப்பு தீந்துபோச்சு."

"எங்க வீட்டுல இருக்கு. இரு, நானே எடுத்துட்டு வரேன்."

எடுத்து வந்தாள். ஏணியில் ஏறி, தன் கையாலேயே முகப்பு முழுக்கச் சிவப்புச் சாயம் அடித்தாள். கீழே நின்று பார்த்து, "இப்பதான் பாக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அங்கே நின்ற எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அதற்கடுத்த குளிர்காலம் முழுக்க அவள் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வெள்ளைப் பனியில் போய், கோபுரத்தைத் தீவின் பிளவுக்குள் உட்கார வைத்து, சிவப்பு முகப்பை மலைப் பள்ளத்துக்குக் கீழே கொண்டுவந்து, துளை போட்டாள். கொட்டகை நகர்ந்தது அவளுக்குத் தெரியாதா? தோளில் தாங்கியவளுக்கா தெரியாது? தெரியும். ஆனால் ஏரியில் நின்றால் அவள் பார்ப்பது கொட்டகையை இல்லை, சிவப்பை. சிவப்பு, இருக்க வேண்டிய பள்ளத்துக்குக் கீழேயே இருந்தது. அவ்வளவுதான்.

முகப்பு நகர்ந்ததால் இரண்டு கோடும் சேருகிற இடம் ஏரியில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. எங்கே போனது? யோருனுடைய சொந்தப் பண்ணைத் துறைக்கு முன்னால் போய் நின்றது. அவர்கள் ஆட்டுத் தொழுவத்தைக் கழுவிவிடுகிற வாய்க்கால் ஏரியில் விழுகிற இடம் அது, மேலே பனி மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. எருத் தண்ணீர் படிகிற சேற்றில் பாசி அடைந்து வளர்ந்து கிடக்கிறது. அந்தப் புழுக்களுக்குக் குளிர்காலம் முழுக்கக் கல்யாண விருந்து. ஏரியின் மற்ற பக்கமெல்லாம் புழு தன் எச்சத்தையே தின்று மெலிந்துகொண்டிருந்தபோது, யோருனுடைய சல்லடையில் மட்டும் கொழுத்த சிவப்புப் புழு நெளிந்தது. குடலைக் கீறினால் பொன்னிறப் பாசி. கூடவே பழுப்பாக நார் நாராக ஏதோ ஒன்று. பாசிக்கொடி மக்கி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஹெர்டிஸ் அந்த வருடம் வெளிநாட்டில் இருந்தாள், கேட்பதற்கும் ஆள் இல்லை. உண்மையைச் சொன்னால், ஆள் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

மார்ச் மாதம் மீன்பிடிச் சங்கத்தின் கூட்டம், பள்ளிக்கூடக் கூடத்தில். வசந்தத்தில் ஒவ்வொரு பண்ணையும் எத்தனை வலை போடலாம் என்று அங்கேதான் கை தூக்கி முடிவு செய்வோம். முந்தின கோடையில் கொசு குறைவு. பனித் துளையில் தூண்டில் போட்டவர்களுக்குக் கிடைத்த மீனும் கொஞ்சம் ஒல்லிதான். அப்போது ஆஸ்முந்துர் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

"இந்த வசந்தம் வலை வேணாம்" என்றார். "மீனு மெலிஞ்சிருக்கு. கெழட்டு மீனையாவது விட்டு வைப்போம். அதுங்கதான் முட்டை போடணும்."

தலைவர் யோருனைப் பார்த்தார். "சேறு என்ன சொல்லுது?"

யோருன் தயாராகத்தான் வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சீசாவை எடுத்து மேசை மேல் வைத்தாள். உள்ளே கலங்கிய தண்ணீரில் சிவப்புப் புழுக்கள், சும்மா தளதளவென்று.

"பாத்துக்கங்க. போன வாரம் எடுத்தது. வயிறு முட்டத் தின்னுட்டுக் கெடக்குதுங்க. ஜூன்ல கொசு எழும்பும், நீங்க மூச்சு விட எடம் தேடுவீங்க."

"எனக்கு அப்படித் தோணல" என்றார் ஆஸ்முந்துர். அவளையே பார்த்தபடி நின்றார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திய மாதிரி இருந்தது.

"தோணறதுக்கும் தெரியறதுக்கும் வித்தியாசம் இருக்கு, ஆஸ்முந்துர். சேறு பொய் சொல்லாது. மீனு மெலிஞ்சு தெரிஞ்சா மொதல்ல உன் மூக்குக்கண்ணாடியத் தொடச்சுப் பாரு." கூட்டம் சிரித்தது. சிரிப்பு கேட்டதும் அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. "புழுவுக்குப் பசி இல்லப்பா. பசி உனக்குத்தான் போல. தனியாப் பொங்கித் தின்னா அப்படித்தான். இந்தா, இன்னொரு முறுக்கப்பம் எடுத்துக்க."

காப்பிக்கு வைத்திருந்த, எண்ணெயில் பொரித்த முறுக்கப்பத் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். கூடமே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். ஆஸ்முந்துர் ஒரு முறுக்கப்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெதுவாக, கடைசித் துணுக்கு வரைக்கும் தின்றார். வழக்கம் போலவே வலை போடலாம் என்று எல்லாரும் கை தூக்கினோம். அவர் ஒருவர் கை மட்டும் முட்டியின் மேலேயே இருந்தது.

மே மாத நடுவில் பனி போய் ஏரி திறந்தது. வலைகள் இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. காற்றில்லாத ஒரு காலையில் யோருன் படகை எடுத்துக்கொண்டு சேறு எடுக்கப் போனாள். கோபுரம் பிளவுக்குள் வந்தது. முகப்பு பள்ளத்துக்குக் கீழே வந்தது. நங்கூரத்தைப் போட்டாள். குழாயைக் கையில் எடுத்தபோது, கோல்பெய்ன் ஒரு பெண்ணாட்டைத் திட்டுவது காதில் விழுந்தது.

"நில்லுடி சனியனே, குட்டி வெளிய வரட்டும்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நினைத்தாள், இங்கே வரைக்கும் எப்படிக் கேட்கிறது? எடுக்கிற இடத்திலிருந்து தொழுவத்துப் பேச்சு என்றைக்குக் கேட்டிருக்கிறது? பிறகு வாடை வந்தது. அவள் வீட்டுத் தொழுவத்து வாடை. குனிந்து பார்த்தாள். வாய்க்காலிலிருந்து பழுப்பாக ஒரு ஒழுக்கு நீண்டு வந்து, அவள் படகின் வயிற்றுக்கு அடியில் கலைந்துகொண்டிருந்தது.

தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தாள். புதுக் கொட்டகையின் சிவப்பு, வெயிலில் பளிச்சென்று, தன் கையால் அடித்த சிவப்பு. அதற்கு இந்தப் பக்கம் வெகு தூரத்தில், புல்லுக்கு நடுவே, பழைய கொட்டகையின் அஸ்திவாரக் கற்கள். குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடந்த கற்கள். படகில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு துடுப்பைப் போட்டாள். கற்களைப் பள்ளத்துக்குக் கீழே கொண்டுவந்து, உண்மையான இடத்தில் நின்று, ஒரு குழாய்ச் சேறு எடுத்தாள். வெளிறிய சேறு. குழாய் வீடுகள் இருந்தன, பாதிக்கு மேல் காலி. மிச்சம் இருந்த புழு நூல் மாதிரி இருந்தது. சமையலறையில் கீறிப் பார்த்தாள். வெறும் கண்ணாடிப் பெட்டிகள். ஒரு முறை தின்று, வெளியே போய், மறுபடியும் தின்று, மறுபடியும் வெளியே போன பெட்டிகள். அப்புறம் சாராயச் சீசாவில் பதப்படுத்தி வைத்திருந்த தன் பழைய கொழுத்த புழுவில் ஒன்றை எடுத்துக் கீறி, அந்தப் பழுப்பு நாரைப் பார்த்தாள். ஆடு தின்ற வைக்கோல். குளிர்காலம் முழுக்க இதையா பாசிக்கொடி என்றேன் என்று கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்க முகம் எரிந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மீன். தலை பெரிது, உடம்பு சப்பை. கொதிக்க வைத்தால் ஒரு பொட்டு நெய் மிதக்கவில்லை. கோல்பெய்ன் வெண்ணெயை அள்ளி அள்ளிப் போட்டான்.

"இது மீனா, செருப்பா?" என்றான். "எல்லாம் அந்த ஆஸ்முந்துர் வாய். அன்னிக்கே சபிச்சு வச்சுட்டான்."

யோருன் முள்ளை எடுக்கிற சாக்கில் தட்டைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். கோல்பெய்ன் மெல்லுவதை நிறுத்தினான். 

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் என்ன? அடுத்த குளிருக்குச் சரியான எடத்துல எடு. முடிஞ்சுபோச்சு. இப்பப் போய்ச் சொன்னா, நம்ம தொழுவத்துப் புழுவக் காட்டி ஊரையே ஏமாத்திட்டோம்னுதான பேசுவாங்க? நீ வேணும்னே செஞ்சன்னு சொல்லுவாங்க, யோருன். நாம நல்லா வலை போடணும்னு செஞ்சன்னு."

"கெழட்டு மீனெல்லாம் வலையில போய்க்கிட்டிருக்கு. இப்ப நிறுத்தினாலாவது..."

"இருக்கிறது இருக்கட்டும்" என்றான் கோல்பெய்ன். கெட்டவன் இல்லை அவன். பயந்தவன்.

அவளும் இருக்கவிட்டாள். சொல்லக் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. காலையில் எழுந்து இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்பாள். மத்தியானம் தலைவர் வீட்டு வண்டி சாலையில் போவதைப் பார்ப்பாள், கையைக்கூட அசைக்க மாட்டாள். கரையில் ஒவ்வொரு பண்ணையும் வலையை இழுத்துக்கொண்டிருந்தது. பெரிய மீன், முட்டை போட வேண்டிய மீன், எலும்பும் தலையுமாகப் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியும் தன் கணக்கில் சேருகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் திறந்த வாய்.

ஜூன் பிறந்தது. கொசு வரவில்லை. முகவலைகள் ஆணியிலேயே தொங்கின. கரையில் நின்றால் சுத்தமான காற்று, அது எங்களுக்குப் பிடிக்காத காற்று. அப்படியொரு மாலையில் ஆஸ்முந்துர் ஒரு வாளியோடு வந்தார். வாளியில் பஞ்சு போட்டு வாத்து முட்டைகள். கூட்டில் முட்டை எடுத்தால் நான்கு முட்டையாவது தாய்க்கு விட்டுவிட்டுத்தான் எடுப்போம், எங்கள் ஏரியில் அது யாரும் மீறாத வழக்கம்.

"இந்த வருசம் நெறைய எடுக்கல" என்றார் வாசலில் நின்றபடியே. "கூடவே விட்டுட்டேன். கொசு இல்ல பாரு. குஞ்சு எத்தன பொழைக்குமோ. இது உங்களுக்கு."

"உள்ள வா, காப்பி போடறேன்" என்றான் கோல்பெய்ன், அவர் கண்ணைப் பார்க்காமல்.

"வேணாம். ஆட்டப் பாக்கணும்."

கூட்டத்தில் அப்படிச் சிரித்தவள் வீட்டுக்கு முட்டை கொண்டுவந்திருக்கிறார். யோருன் வாளியை வாங்கிக்கொண்டு, "நல்லாருக்கு" என்று ஏதோ உளறினாள். அவர் திரும்பி நடந்தார். அவள் ஒரு முட்டையைக் கையில் எடுத்தாள். இன்னும் சூடு போலத் தோன்றியது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வாளியை அப்படியே வைத்துவிட்டு, சமையலறைச் செருப்போடு ஓடினாள்.

கொட்டகை வாசலில்தான் அவரைப் பிடித்தாள். தலைக்கு மேலே தன் கைச் சிவப்பு. மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாக, முகப்பு, கோடு, வாய்க்கால், எரு, நார் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். ஆஸ்முந்துர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் பலகையில் உட்கார்ந்தார்.

"வேணும்னு செய்யலையா நீ?" என்றார்.

"என்னது?"

"குளிர்காலம் பூரா இந்த ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க வாய்க்கால் வாய்க்கு நேரா ஓட்டை போடற. சரி, வலை நெறையப் போடணும்னு ஆசை, கொழுத்த புழுவாப் பாத்து எடுக்கிற போலன்னு நெனச்சேன்."

"அப்படி நெனச்சுக்கிட்டா கூட்டத்துல உக்காந்திருந்த? அப்பவே எழுந்து சொல்ல வேண்டியதுதானே? நான் உன்ன அவ்வளவு பேசினேனே!"

"எப்படிச் சொல்றது? உன்னத் திருடின்னு ஊர் முன்னாடி சொல்லணும். நாக்கு வரல. பக்கத்துப் பண்ணைக்காரி. இத்தன வருசம் எனக்கு ரொட்டி கொண்டுவந்து குடுத்தவ." தலையை ஆட்டினார். "நீ சொன்ன மாதிரி முறுக்கப்பத்தத் தின்னுட்டு உக்காந்துட்டேன். தப்பு என்னோடதும்தான். ஒரு வார்த்த கேட்டிருந்தா இவ்வளவு மீனு செத்திருக்காது."

அவள் அழுதாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவளைத் திருடி என்று நம்பிக்கொண்டே, அவள் மானத்துக்காகத் தன் மானத்தை விட்டுவிட்டு ஒரு மனுஷன் முறுக்கப்பம் தின்றிருக்கிறான். அதைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள்.

"திருடி இல்ல, முட்டாள்தான்னா எனக்குச் சந்தோஷம்" என்றார் ஆஸ்முந்துர். நிஜமாகவே நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அது அவளுக்கு இன்னும் குத்தியது.

மறுநாளே சங்கத்தைக் கூட்டச் சொன்னாள். அதே கூடம், அதே மேசை. யோருன் எழுந்து நின்றாள். சீசா கிடையாது, பை கிடையாது.

"சேறு பொய் சொல்லல" என்றாள். "நான் நின்ன எடம்தான் தப்பு. ஆஸ்முந்துர் கொட்டகைய மாத்தினான். உத்தரம் தூக்கினது நான். சாயம் அடிச்சது நான். ஆனா ஏரியில நின்னப்போ மறந்துட்டேன். நீங்க பாத்தது எங்க தொழுவத்துச் சாணியத் தின்ன புழு. ஏரியில புழு இல்ல. வலைய எடுத்துருங்க. இது எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கத் தேவையில்லை. யாரும் கேட்கவில்லை. பின் வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப மார்ச்சுல கை தூக்கினது நாங்க இல்ல, உங்க ஆட்டுப் புழுக்கையா?" என்றான். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அது சிரிப்பைவிட மோசம். அவள் வேண்டுமென்றே செய்தாள் என்று இன்றைக்கும் நம்புகிற வீடு எங்கள் ஏரிக்கரையில் இரண்டு உண்டு.

ஆஸ்முந்துர் எழுந்து, "வலைய எடுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எல்லாக் கையும் உயர்ந்தது. உட்கார்ந்த பிறகு முறுக்கப்பத் தட்டைப் பிடித்து மேசை மேலே அவள் பக்கம் தள்ளினார். கேலியா, கருணையா என்று யோருனுக்குத் தெரியவில்லை. எடுத்துத் தின்றாள். அவர் தின்ற மாதிரியே கடைசித் துணுக்கு வரைக்கும் தின்றாள்.

அன்றே வலைகள் மேலே வந்தன. தாமதம்தான். அந்தக் கோடையில் தாய் வாத்துகள் ஒற்றைக் குஞ்சோடு நீந்தின, பல வாத்துகள் அதுவும் இல்லாமல். அடுத்த சில வருடங்கள் கடையில் வாங்கிய, கொத்துக்கறி அடைத்த குழலைத்தான் தின்றோம், புகையில் வாட்டி வைக்க மீன் இல்லை. பிறகு ஏரி தன் போக்கில் திரும்பியது. தின்ன ஆள் குறைந்ததும் பாசி வளர்ந்தது, பாசி வளர்ந்ததும் புழு வந்தது. மிச்சம் விட்ட கிழட்டு மீன் முட்டை போட்டது. இன்னும் ஒரு வாரம் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மிச்சமும் இருந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். ஒரு வாரம் முன்னால் திறந்திருந்தால் இன்னும் எவ்வளவு இருந்திருக்கும் என்பது யோருன் போடுகிற கணக்கு.

ஹெர்டிஸ் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டாள், ஆனாலும் யோருனை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஆஸ்முந்துர் பழைய அஸ்திவாரக் கற்களுக்கு நடுவே ஒரு நீளக் கம்பை நட்டு, உச்சியில் ஒரு பலகை அறைந்து, அதற்குச் சிவப்பு அடித்தார். "இதப் பாரு, கொட்டகையப் பாக்காத" என்றார். அந்தக் கம்புக்கு யோருன் கம்பு என்று பெயர் விழுந்தது. வலை போடுகிறவர்களுக்கும் அது வசதியான அடையாளமாகிவிட்டது. யோருன் கம்பு பள்ளத்துக்குக் கீழே வந்தால் நல்ல ஆழம், யோருன் கம்பைத் தாண்டினால் பாறை. அவளே யாருக்காவது இடம் சொல்ல வேண்டி வந்தால், வேறு வழியில்லாமல், தன் பெயரைச் சொல்லித்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் காது மடல் சிவக்கும்.

ஆஸ்முந்துர் போய்விட்டார். சேறு எடுக்கிறவர்கள் இப்போது கையடக்கக் கருவியைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், அவர்களுக்குக் கம்பு வேண்டாம். யோருனும் வேலையைவிட்டு ஓய்ந்துவிட்டாள். சில வருடங்களுக்கு முன் ஒரு வசந்தத்தில், பனிப்பாளம் மறுபடியும் கரையேறி, கம்பை முறித்துப் போட்டது. மறுநாள் காலை யோருன் அதைப் பார்த்தாள். தாழ்வாரத்திலிருந்து பார்த்தபடி அசையாமல் நின்றாள். கோல்பெய்ன் பின்னால் வந்து நின்றான்.

"போகுது விடு" என்றான். "இனிமே அது யாருக்கு வேணும்?"

அவள் கிடங்குக்குப் போய் ஒரு புதுக் கம்பையும் கடப்பாரையையும் எடுத்தாள். சாய டப்பாவைத் தேடினாள். எழுபதைத் தாண்டிய உடம்பு, கம்பின் ஒரு முனை தரையில் இழுபட்டது. கோல்பெய்ன் முணுமுணுத்துக்கொண்டே வந்து மறுமுனையைத் தூக்கினான்.

கற்களுக்கு நடுவே பழைய குழி இருந்தது. அவன் கம்பை நேராகப் பிடித்துக்கொள்ள, அவள் சுற்றிலும் கல்லைப் போட்டு இடித்தாள்.

"ஊரே மறந்துபோச்சு, நீ மட்டும் ஏன் இப்படி?" என்றான் அவன்.

"விழுந்து கெடந்ததப் பாத்ததும் எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா?" என்றாள் யோருன், குனிந்தபடியே. "சந்தோஷம். அப்பாடான்னு இருந்துச்சு. இத்தன வருசத்துக்கு அப்புறமும்." கல்லை ஓங்கி வைத்தாள். "அதனாலதான் நடறேன். நேராப் புடி."

அவன் நேராகப் பிடித்தான். அவள் எழுந்து, டப்பாவைத் திறந்து, பலகைக்குச் சிவப்பு அடிக்கத் தொடங்கினாள்.